ஒரு 'டு' படுத்துன பாடு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, அசைன்மெண்ட், தீசிஸ்னு ஆணி அதிகமாயிட்டதால தள்ளிப் போயிட்டே இருந்த பதிவு இது. தலைப்பைப் பார்த்துட்டு "இவன் எப்ப இங்கிலீஷ் வாத்தியார் ஆனான்"னு அடுத்த கடைக்கு ஓடிடாதீங்க மக்களே. "இந்தியர்கள் ஆங்கிலத்தில் செய்யும் 100 தவறுகள்" மாதிரி ஃபார்வர்டு எனக்கு வாரத்துக்கு நாலாவது வருது. அதையெல்லாம் எழுதுறவங்க மேல எனக்கு ஒரே ஒரு கடுப்புதான். எது நிஜமாவே தப்பு, எது வெறும் வேற ஊர்ப் பழக்கம், எது ஆளையே கவுத்துடற தப்புன்னு பிரிக்கவே மாட்டாங்க. மூணையும் ஒரே மூட்டையா கட்டி நம்ம தலையில வெச்சிடுவாங்க. அந்த மூணாவது ரகத்துல ஒண்ணை பக்கத்து ரூம்லயே பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்ளோ பீடிகை. ஆனா அதுக்கு முன்னாடி எங்க ஏரியா இங்கிலீஷைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

தோஹாவுல நான் இருக்குற ஏரியா பேரு நஜ்மா. அரபியில நட்சத்திரம்னு அர்த்தம். சி ரிங் ரோடு பக்கத்துல இருக்குற பழைய ஏரியா. வானத்துல இருக்குற நட்சத்திரம் மாதிரியெல்லாம் கற்பனை பண்ணாதீங்க. தண்ணி லாரி சத்தமும் ஏசி அவுட்டர் சொட்டுற தண்ணியும்தான். எங்க பில்டிங் படிக்கட்டுல ஏறி வர்றதுக்குள்ள தமிழ், மலையாளம், நேபாளி, வங்காளம், சிங்களம், உருது, தகலாக், அரபி எல்லாம் காதுல விழுந்துடும். இவ்வளவு பேருக்கும் பொதுவா இருக்குறது இங்கிலீஷ். கூத்து என்னன்னா, இந்தப் படிக்கட்டுல ஒருத்தருக்குக்கூட அது தாய்மொழி கிடையாது. வாத்தியாரே இல்லாத கிளாஸ் ரூம் எப்படி இருக்கும்? அப்படி.

அதனால இங்க இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதியில இருக்குற அர்த்தம் ஒண்ணு, நஜ்மா அர்த்தம் ஒண்ணு. கிரோசரி கண்ணாடிக் கதவுல, லேம்ப் போஸ்ட்ல எல்லாம் ஒட்டியிருப்பாங்க: "பெட் ஸ்பேஸ் அவெய்லபிள் ஃபார் எக்ஸிக்யூட்டிவ் பேச்சிலர்ஸ்". வளைகுடாவுல பேச்சிலர்னா கல்யாணம் ஆகாதவன் இல்லீங்க. பொண்டாட்டி புள்ளைங்களை ஊர்ல விட்டுட்டு வந்தவன். என் பக்கத்து ரூம் அண்ணனுக்கு 46 வயசு, ரெண்டு பொண்ணு, மூத்தது நர்சிங் படிக்குது. இங்க அவரு பேச்சிலர். எக்ஸிக்யூட்டிவ்னா யூனிஃபார்ம் போடாம வேலைக்குப் போறவன்னு அர்த்தம், அவ்ளோதான். சிரிப்பா இருந்தாலும் இந்த வார்த்தை விளையாட்டு இல்ல. குடும்பங்கள் வசிக்கிற பகுதிகள்ல தொழிலாளர் குடியிருப்பு இருக்கக் கூடாதுன்னு 2010-லயே கத்தார்ல சட்டம் போட்டாங்க. ஃபேமிலியா, பேச்சிலராங்கிறதைப் பொறுத்துதான் ஒருத்தன் எந்தத் தெருவுல படுக்கலாம்ங்கிறதே.

இதே மாதிரி, கஃபெட்டீரியான்னா காலேஜ்ல டிரேயைத் தூக்கிட்டு வரிசையில நிக்கிற எடம்னு நெனச்சிடாதீங்க. ரெண்டு டேபிள், ஒரு டீ பாய்லர், பரோட்டாவுல முட்டையைச் சுருட்டித் தர்ற மலபார் கடை. டைப்பிங்னா தட்டச்சு கத்துக்கிற இன்ஸ்டிட்யூட் இல்ல, அரபியில மனு எழுதித் தர்ற கடை. கேன்சல்னா வேலையை விட்டுட்டு ஒரேயடியா ஊருக்குப் போறது. "அவரு கேன்சல்ல போயிட்டாரு"ன்னா இங்க யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க. இந்தக் கேன்சலை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்ப லைட்டு மேட்டர். ஸ்விட்சைத் தட்டுறதுக்கு எங்க கிளாஸ்ல எத்தனை இங்கிலீஷ் இருக்கு தெரியுமா? எகிப்துக்காரப் பொண்ணு "ஓப்பன் த லைட்"ம்பா. அரபியில விளக்கைத் 'திற'ன்னுதான் சொல்லணும். ஃபிலிப்பைன்ஸ்காரரும் அதையேதான் சொல்லுவாரு, அவங்க மொழியிலயும் விளக்கைத் திறக்கத்தான் செய்றாங்க. வடக்கத்திப் பையன் "க்ளோஸ் த ஃபேன்"ம்பான், ஹிந்தியில 'பந்த் கரோ'தானே. நம்மாளு ஒருத்தர் வந்து "புட் த லைட்"னு சொன்னாரு. லைட்டைப் போடுன்னா புட்தானே! போடுங்கிற நம்ம வினைச்சொல் இருக்கே, அது ஒண்ணு போதும் இங்கிலீஷைக் கிழிச்சுத் தொங்கவிட. டீ போடுறோம், சண்டை போடுறோம், சட்டை போடுறோம், கோலம் போடுறோம், லீவு போடுறோம். இத்தனைக்கும் ஒரே ஒரு 'புட்'டை நம்பி வெளிநாட்டுக்கு வந்திருக்கோம்னா நம்ம தைரியத்தைப் பாராட்டணும்.

அப்புறம் 'இஸ்', 'ஆம்', 'ஆர்'. "ஐ டூட்டி", "ஹி மேனேஜர்", "வேர் யூ?" இந்த மூணும் எங்க பில்டிங்கோட தேசிய கீதம். இது சோம்பேறித்தனம்னு நெனச்சா தப்பு. தமிழ்ல "நான் மாணவன்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடறோம். நடுவுல வினைச்சொல்லே வேண்டாம். அரபியிலயும் "அனா தாலிப்"தான், அதே ரெண்டு வார்த்தை. ஆக தமிழனும் அரபியும் இங்கிலீஷ்ல பேசும்போது ரெண்டு பேருமே அந்த 'ஆம்'ஐ முழுங்கிடறாங்க, ரெண்டு பேருக்குமே அது இல்லாதது உறுத்தறதில்ல. வெள்ளைக்காரன் ஒருத்தன் பக்கத்துல நின்னாதான் அது தப்பு. அவன் இல்லாத எடத்துல அது எப்படிங்க தப்பாகும்?

'த' விஷயத்துல மட்டும் நாங்க எதிரெதிர் கட்சி. தமிழ்ல 'த'வுக்கு ஈடா ஒண்ணும் இல்லாததால நாம அதை விட்டுடுவோம்: "ஐ ஆம் கோயிங் டு பேங்க்". அரபியில 'அல்' இருக்கு, வாழ்க்கை, காதல், மரணம் மாதிரி பொதுவான விஷயங்களுக்குக்கூட அதை முன்னாடி மாட்டிடுவாங்க. அதனால அவங்க "த லைஃப் இஸ் டிஃபிகல்ட்"ம்பாங்க. நாம விட்டதையெல்லாம் பொறுக்கி அவங்க சேர்த்துக்கிற மாதிரி இருக்கும் :-) தகவலுக்கு அரபியில 'மஃலூமாத்'னு பன்மைதான், அதனால "இன்ஃபர்மேஷன்ஸ்". நாம "லக்கேஜஸ், ஃபர்னிச்சர்ஸ், எக்விப்மெண்ட்ஸ்". தகலாக்ல அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், அதனால அந்த ஊர்க்காரங்க வாயில புருஷன் திடீர்னு 'ஷி' ஆயிடுவாரு.

அரபியில 'ப' கிடையாது, பெப்சியில வர்ற ரெண்டு எழுத்தையும் 'பாபா'வோட ரெண்டாவது பா மாதிரி அழுத்தித்தான் சொல்லுவாங்க. அதனால வண்டி நிறுத்தற எடத்தைச் சொன்னா நாய் குரைக்கிற மாதிரி கேக்கும்னு இங்க எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற ஜோக் ஒண்ணு உண்டு. அதை உங்களுக்கு எழுதிக் காட்டலாம்னு பார்த்தா முடியல. தமிழ்ல வண்டி நிறுத்துறதும் பார்க்கிங், நாய் குரைக்கிறதும் பார்க்கிங். அவங்களை நக்கல் பண்றதுக்கு நம்மகிட்ட எழுத்தே இல்ல. கடவுள் இருக்கான் குமாரு.

சரி, ரெண்டாவது ரகம். தப்பே இல்லாதது, ஆனா தப்புன்னு லிஸ்ட் போட்டு நம்மளை வெக்கப்பட வைக்கிறது. முதல் குற்றவாளி எப்பவும் 'ப்ரீபோன்'. இந்தியாக்காரன் கண்டுபிடிச்ச அபத்தம்னு எழுதுவாங்க. 1913-ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதி, 'போஸ்ட்போன்' இருக்கு, அதுக்கு எதிரா 'ப்ரீபோன்'னு ஒண்ணு வேணும், நான் உருவாக்கறேன்னு சொல்லியிருக்காரு. அமெரிக்காக்காரங்க கண்டுக்காம விட்டுட்டாங்க, நாம எடுத்து நல்லபடியா வளர்த்துட்டோம். இப்ப ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே இருக்கு. 'டூ த நீட்ஃபுல்' அடுத்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுல பிரிட்டிஷ்காரங்களே கடிதத்துல தாராளமா எழுதினதுதான். அவங்க தூக்கிப் போட்டுட்டாங்க, நம்ம தாலுகா ஆபீஸ்ல பத்திரமா இருக்கு. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கூட அப்படித்தான், கம்பெனி காலத்துல அதிகாரிங்க இருக்குற ஊருக்குப் பேரு ஸ்டேஷன். தாத்தாவோட கோட்டைப் பேரன் போட்டுட்டிருக்கான், தாத்தா வீட்டுக்காரனே வந்து இது என்னடா கோமாளி வேஷம்னு கேக்குறான். என்னத்த சொல்ல.

'கசின் பிரதர்', 'கோ-பிரதர்' எல்லாம் என்னைக் கேட்டா கண்டிப்பா வேணும். வெறும் கசின்னா ஆணா பொண்ணா, அத்தை மகனா சித்தப்பா மகனான்னு ஒரு எழவும் புரியாது. சகலைக்கும் கொழுந்தனுக்கும் மச்சானுக்கும் சேர்த்து ஒரே 'பிரதர்-இன்-லா'வை வெச்சுக்கிட்டு அவங்க எப்படித்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாங்களோ.

இன்னொண்ணும் சொல்லணும். 1886-ல யூல், பர்னெல்னு ரெண்டு பேரு சேர்ந்து 'ஹாப்சன்-ஜாப்சன்'னு ஒரு அகராதி போட்டாங்க. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க வாயில புழங்கின நம்ம ஊர் வார்த்தைங்களோட தொகுப்பு. பர்னெல் மெட்ராஸ் மாகாணத்துல சிவில் சர்வீஸ்ல இருந்தவரு, தஞ்சாவூர்ல ஜட்ஜ். புத்தகம் வெளிவர்றதுக்கு முன்னாடியே, 1882-ல செத்துப் போயிட்டாரு. சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' ஆனது எல்லாம் அதுல இருக்கு. நம்ம கட்டுமரம் மரத்தைக் கயித்தால கட்டினது. இங்கிலீஷ்ல 'கேட்டமரன்'னா இன்னிக்கு ரெண்டு அடிப்பாகம் வெச்ச சொகுசுப் படகு. மிளகுத்தண்ணியில கறியைப் போட்டு சூப்புன்னு குடிக்கிறாங்க. நம்ம வார்த்தையை அவங்க தப்பா சொன்னா அகராதி, அவங்க வார்த்தையை நாம தப்பா சொன்னா ஃபார்வர்டு மெசேஜ். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

ரென் அண்ட் மார்ட்டினை மறந்துட்டா நம்ம வாத்தியாருங்க கோவிச்சுக்குவாங்க. அந்த ரென் யாருன்னு நெனச்சீங்க? பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென். இந்தியாவுல கல்வித் துறையில வேலை பார்த்தவரு. 1924-ல 'போ ஜெஸ்ட்'னு சஹாரா பாலைவனத்துல பிரெஞ்சுப் படையில நடக்குற சாகச நாவல் எழுதிப் பெரிய ஆள் ஆனாரு. பாலைவனத்துல ஒட்டகத்தோட அலையுற கதை எழுதின அதே கைதான் நம்மளை ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்னு அலையவிட்டிருக்கு. இங்க வந்து மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவரு ஞாபகம்தான் :-)

ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரகம் இருக்கு. ஊர்ல சரி, கடல் தாண்டினா வம்பு. என் ஃப்ரெண்டு ஒருத்தன், எஞ்சினியரிங் முடிச்சவன், இங்க ஒரு இண்டர்வியூவுல பெருமையா "ஐ ஹேவ் நோ அரியர்ஸ்"னு சொல்லியிருக்கான். எதிர்ல உக்காந்திருந்த இங்கிலாந்துக்காரர் முழிச்சிருக்காரு. தமிழ்நாட்டுல அரியர்னா ஃபெயிலான பேப்பர். அந்த மனுஷனுக்கு அரியர்னா கட்டாத கடன் பாக்கி. கிரெடிட் கார்டு பாக்கியெல்லாம் நான் கேக்கவே இல்லையே, இவன் ஏன் தானா வந்து சொல்றான்னு அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம்னதும் இன்னொண்ணு. செமினார்ல நம்ம பசங்க கைதூக்கி "ஐ ஹேவ் எ டவுட்"னு ஆரம்பிப்பாங்க. நமக்கு அது வெறும் கேள்வி. கேக்குறவருக்கு, நீ சொல்றதை நான் நம்பலைன்னு ஒரு மாணவன் எழுந்து நின்ன மாதிரி. பரீட்சையை நாம "ரைட்" பண்றோம், ஹிந்திக்காரங்க "கிவ்" பண்றாங்க. ரெண்டுமே அவங்கவங்க தாய்மொழியில இருந்து அப்படியே வந்தது. இதுக்கெல்லாம் ஒரு சிரிப்போட போயிடும்.

இப்ப மெயின் மேட்டர்.

பக்கத்து ரூம் அண்ணன்னு சொன்னேனே, மன்னார்குடி பக்கம். ஏசி டெக்னீஷியன். ஒரே கம்பெனியில 9 வருஷம். பேரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். ஊர்ல அவங்கம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் லீவு வேணும். பொதுவா லெட்டர்னா என் ரூமுக்குத்தான் வருவாரு. எனக்கு அப்ப பரீட்சை நேரம், ராத்திரி லைப்ரரியிலேயே கெடந்தேன். தம்பியைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு தானே வாட்ஸ்அப்ல எச்.ஆருக்கு அடிச்சுட்டாரு. மெசேஜ் இதுதான்: "டியர் சார், மை மதர் நாட் வெல், ஆபரேஷன். ஐ வாண்ட் டு லீவ் ஃப்ரம் மே 15. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

பார்த்தீங்களா? "ஐ வாண்ட் லீவ்"னா லீவு வேணும். "ஐ வாண்ட் டு லீவ்"னா போறேன், வேலையை விடுறேன். நடுவுல ஒரு 'டு'. நமக்கு லீவுங்கிறது பெயர்ச்சொல். லீவு போடு, லீவு கேளு, லீவு விட்டாச்சு. அது வினைச்சொல்லா நடமாடும்ங்கிற நெனப்பே நமக்கு வராது. ஸ்கூல்ல "ஐ வாண்ட் டு"னு சேர்த்தே மனப்பாடம் பண்ணிட்டதால 'வாண்ட்' வந்தா 'டு' தானா வந்து ஒட்டிக்கும்.

மறுநாளே பதில் வந்துடுச்சு. "நோட்டட். யுவர் ரிக்வெஸ்ட் டு லீவ் இஸ் அக்செப்டட். லாஸ்ட் வொர்க்கிங் டே மே 14. ப்ளீஸ் காண்டாக்ட் அக்கவுண்ட்ஸ் ஃபார் செட்டில்மெண்ட்." அம்மா கதையைப் படிச்சு இரக்கப்பட்டு, நோட்டீஸ் பீரியடைக்கூட தள்ளுபடி பண்ணியிருந்தாங்க. 2020-ல வந்த சட்டத் திருத்தப்படி ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க ரெண்டு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும். அதை வேண்டாம்னு விட்டது பெரிய சலுகைதான்.

அண்ணன் அதை எப்படிப் படிச்சாரு? அக்செப்டட்னா லீவு சாங்ஷன். லாஸ்ட் வொர்க்கிங் டேன்னா லீவுக்கு முந்தின நாள். செட்டில்மெண்ட்னா லீவு சம்பளம், ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் கணக்குப் பார்த்துக் கொடுக்குறதுதானே. ஒரு வரி விடாம எல்லாமே பொருந்துது பாருங்க. ரெண்டு பேரும் ஒரே கடுதாசியை வெச்சுக்கிட்டு ரெண்டு வேற உலகத்துல சந்தோஷமா இருந்திருக்காங்க. அண்ணன் டிக்கெட் போட்டாச்சு, பொண்ணுங்களுக்குச் சாக்லேட், பவுடர், டாங் டப்பா எல்லாம் வாங்கி அட்டைப்பெட்டி கட்டி, மேல பெரிய எழுத்துல பேரும் எழுதியாச்சு.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. அவரு அடிப்படைச் சம்பளம் 1,800 ரியால். கத்தார் தொழிலாளர் சட்டப்படி வருஷத்துக்கு மூணு வாரச் சம்பளம் குறையாம பணிக்கொடை. ஒரு நாளைக்கு 60 ரியால், 21 நாளுக்கு 1,260, ஒன்பது வருஷத்துக்கு 11,340 ரியால். கையில வாங்கிட்டு ஊருக்குப் போயிருப்பாரு, அதையும் 'இந்த வருஷம் கம்பெனி தாராளமா இருக்கே'ன்னு நெனச்சிருப்பாரோ என்னமோ. ரெண்டு மாசம் கழிச்சு திரும்பி வர்றதுக்கு விசா இருக்காது. 46 வயசுல புது ஏஜெண்ட்டைப் பிடிச்சு, பணம் கட்டி, மறுபடி முதல்லேருந்து. கம்பெனிக்கும் ஒண்ணும் நஷ்டமில்ல. 2021 மார்ச்லேருந்து இங்க குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், தங்க எடமும் சாப்பாடும் கம்பெனி தரலைன்னா மேல 500, 300. 1,800 வாங்குறவரு தானா போறேன்னு சொன்னா யாருங்க காலைப் பிடிச்சு நிறுத்தப் போறாங்க?

நிறுத்துனது அக்கவுண்ட்ஸ்ல இருக்குற மலையாளி. செட்டில்மெண்ட் பேப்பர்ல கையெழுத்துப் போட அண்ணன் போயிருக்காரு. அவரு பேப்பரை நீட்டிட்டு, சும்மா பேச்சுக்கு, "எந்தா சேட்டா, நிர்த்தி போகுவாணோ?"ன்னு கேட்டிருக்காரு. நிறுத்திட்டுப் போறீங்களான்னு அர்த்தம். மலையாளிங்க கேன்சலுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. அண்ணன் சிரிச்சுக்கிட்டே "இல்லைங்க, லீவுக்குத்தான், ரெண்டு மாசம்"னிருக்காரு. அந்தாளு நீட்டின பேனாவைத் திரும்ப வாங்கிக்கிட்டாராம். "சேட்டா, லீவோ கேன்சலோ?"

யோசிச்சுப் பாருங்க, எச்.ஆர்.ல இருக்குறவரு மேல தப்பே கிடையாது. அவரு இலக்கணப்படி சரியா படிச்சாரு. அந்த மலையாளிக்கு மட்டும்தான் அது தப்பா எழுதினதுன்னு பிடிபட்டுச்சு, ஏன்னா அவங்க ஊர்லயும் லீவு பெயர்ச்சொல்தான். அந்தத் தப்பை அவங்க ஊர்லயும் பண்ணுவாங்க.

அன்னிக்கு ராத்திரி அண்ணன் என் ரூம் வாசல்ல வந்து நின்னதை மறக்க மாட்டேன். போனை நீட்டினாரு. "தம்பி, இதுல நான் வேலைய விடுறேன்னு எங்கடா எழுதியிருக்கேன்?" படிச்சேன். அந்த 'டு'வைக் காட்டினேன். திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு. "ரெண்டு எழுத்துடா"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல.

மறுநாள் நேரா டைப்பிங் சென்டர். இங்க ஒப்பந்தம், ஆவணம் எல்லாம் அரபியில இருக்கணும், இங்கிலீஷும் அரபியும் முரண்பட்டா அரபிதான் செல்லும்னு சட்டத்துலயே இருக்கு. டைப் பண்றவரு எடுத்த உடனே கேட்ட கேள்வி: "இஜாஸாவா, இஸ்திகாலாவா?" இஜாஸான்னா விடுப்பு, இஸ்திகாலான்னா ராஜினாமா. அரபியில ரெண்டையும் குழப்பவே முடியாது. தமிழ்லயும் முடியாது, லீவுக்கும் ராஜினாமாவுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இந்த ரெண்டு மொழிக்கும் நடுவுல வந்து உக்காந்த இங்கிலீஷ்லதான் ரெண்டும் ஒரே 'லீவ்'. பத்து வரியில எழுதி, அம்மாவோட ஆஸ்பத்திரி சீட்டையும் வெச்சு, அந்தப் பழைய மெசேஜை விடுப்பு விண்ணப்பமா எடுத்துக்கச் சொல்லிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்ட ராஜினாமா லெட்டர்னு ஒண்ணு இல்லாததும், செட்டில்மெண்ட் பேப்பர்ல கையெழுத்து விழாததும் நல்லதாப் போச்சு. மூணு நாள் இழுத்தடிச்சு, மேனேஜர் சரின்னுட்டாரு. அந்த மூணு நாளும் அண்ணன் சாப்பிட்டதை நான் பார்க்கல. கட்டின அட்டைப்பெட்டியை ஒரு மூலையில தள்ளி மேல துண்டைப் போட்டு மூடி வெச்சிருந்தாரு.

மேட்டர் முடிஞ்சப்புறம் எனக்கு ஒண்ணு தோணிச்சு. நம்ம ஸ்கூல்ல எல்லாரும் நெட்டுரு போட்ட லீவ் லெட்டர் ஞாபகம் இருக்கா? "அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"னு ஆரம்பிச்சு, "ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்"னு போய், "யுவர்ஸ் ஒபீடியண்ட்லி"ல முடியும். அக்கா கல்யாணத்துக்கும் ஃபீவர், ரஜினி படத்துக்கும் ஃபீவர். எவ்ளோ கிண்டல் பண்ணியிருப்போம். அண்ணனுக்கு அது இன்னும் வரி மாறாம ஞாபகம் இருக்கு, சொல்லிக் காட்டினாரு. அதையே அடிச்சு விட்டிருந்தா இந்தப் பிரச்னையே வந்திருக்காது. ஏண்ணே அதை எழுதலைன்னு கேட்டேன். "சின்னப்புள்ளத்தனமா இருக்கும்னு நெனச்சேன் தம்பி. ஆபீசுக்குன்னா கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல எழுதணும்ல"ன்னாரு.

அந்த "நல்ல இங்கிலீஷ்"தான் என்னைக் கொஞ்ச நாளா அரிச்சுட்டே இருக்கு. ஒன்பது வருஷமா இதே ஊர்ல, ஏசி கம்ப்ரசர்ல கோளாறு என்னன்னு எகிப்துக்காரருக்கும் இலங்கைக்காரருக்கும் பாகிஸ்தான்காரருக்கும் விளக்கிச் சொல்லி, ரிப்பேரும் பண்ணிக் கொடுத்து வர்றவரு. "கேஸ் மாஃபி, கம்ப்ரசர் ஃபினிஷ், நியூ புட்"னு அவரு சொன்னா அரபி வீட்டுக்காரர் உடனே காசை எடுப்பாரு. அது முழுக்கத் தப்பு, அதனால ஒரு தடவைகூட அவருக்கு நஷ்டம் வந்ததில்ல. எதிர்ல ஆள் நின்னா புரியலைன்னா மூஞ்சியில தெரியும், மறுபடி சொல்லிக்கலாம். எழுத்துல அந்த மூஞ்சி இல்ல. அதனால எங்க பில்டிங் ஆளுங்களுக்கு நான் இப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன்: விசா, சம்பளம், லீவு, பாஸ்போர்ட்டு சம்பந்தமா எதை அனுப்புறதா இருந்தாலும், அனுப்பிட்டு ஒரு தடவை போன் போட்டு வாயாலயும் சொல்லிடுங்க. 'இஸ்' இல்லாட்டி பரவால்ல, 'த' இல்லாட்டி பரவால்ல.

அண்ணன் ஜூலையில திரும்பி வந்துட்டாரு. அம்மா வாக்கர் பிடிச்சு நடக்குறாங்களாம். வந்த அன்னிக்கு எனக்கு ஒரு டப்பா அதிரசம். சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேட்டாரு, "தம்பி, அப்ப நெசமாவே வேலைய விடணும்னா எப்படி எழுதணும்?"

பதறிட்டேன். "எதுக்குண்ணே இப்ப?"

"இப்ப இல்லடா. சின்னதும் படிப்ப முடிக்கட்டும், இன்னும் நாலு வருஷம். அப்ப நீ இங்க இருப்பியோ மாட்டியோ."

எழுதிக் கொடுத்திருக்கேன். இங்கிலீஷ்ல ஒண்ணு, அரபியில ஒண்ணு. தேதி மட்டும் போடல. ரெண்டையும் மடிச்சு ரெபிடெக்ஸ் புக்குக்குள்ள வெச்சிருக்காரு.

டிஸ்கி: துபாய், சிங்கப்பூர், கனடா மக்களே, உங்க ஊர்லயும் இந்த மாதிரி ஆளைக் கவுக்குற வார்த்தை இருந்தா பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. எங்க பில்டிங் படிக்கட்டுல ஒரு லிஸ்ட் ஒட்டலாம்னு இருக்கேன். 'ப்ரீபோன்'னு எவனாவது எழுதினீங்க, அப்புறம் நடக்குறதே வேற.